இருபத்தெட்டாவது தோட்டா

மார்ச் 4, சனி

என் துப்பாக்கியின் தோட்டா மகசின் எப்போது, எத்தனையாவது தோட்டாவில் சிக்குகிறது என்று எழுதிவைத்தால்தான் காரணம் பிடிபடும். அதற்காகத்தான் இந்த நோட்டை வாங்கினேன். வேறெதையும் இதில் எழுதப்போவதில்லை.

என்னிடம் நான்கு மகசின்கள். அடியில் நகப்பூச்சால் 1, 2, 3, 4 என்று எண் போட்டிருக்கிறேன். எங்கள் போட்டியில் மகசினின் நீளத்துக்கு மட்டும்தான் அளவு உண்டு. அந்த நீளத்துக்குள் எத்தனை தோட்டாவை அடக்குகிறோம் என்பது அவரவர் சாமர்த்தியம். வாங்கியபோது இருபத்தாறு பிடித்தது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கையும் தோட்டாக்களைத் தாங்கும் தட்டையும் மாற்றி இழைத்து இருபத்தெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் பல் செட் செய்கிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

ஏன் இருபத்தெட்டு? ஓடிக்கொண்டே அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும், நேரம் ஓடும். பெரிய சுற்றில் இருபத்தெட்டு குண்டு. ஒன்று குறைந்தாலும் நடுவில் மகசின் மாற்ற வேண்டும். அதில் ஒன்றரை விநாடி போய்விடும். ஒன்றரை விநாடியில் நான் ஒரு முறை மாநிலப் பதக்கத்தையே விட்டிருக்கிறேன்.

இன்று: 1 சரி. 2 ஐந்தாவது தோட்டாவில் சிக்கியது. 3 ஒன்பதில். 4 சரி.

மே 7 தேர்வுப் போட்டி. தாய்லாந்து போகும் பெண்கள் அணியில் ஒரே இடம்தான் காலி. எனக்கு நாற்பத்தாறு வயது. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிக்கொள்ளும் வயதில்லை.

மார்ச் 11, சனி

2, 3 இரண்டுக்கும் புது ஸ்பிரிங் போட்டேன். இன்று 1-உம் 4-உம் சிக்கின! சரியாக இருந்தவை!

துப்பாக்கி, மகசின், தோட்டா எதுவும் கிளப் வாசலைத் தாண்டக் கூடாது. எல்லாம் ஆயுத அறையில் பூட்டியிருக்கும். அதனால் என் வேலையெல்லாம் அந்த அறை மேசையின் ஒரு மூலையில்தான். பல் செட்டைத் தேய்த்து ராவுகிற என் சின்ன மோட்டாரை நான் வேலை பார்க்கும் பல் லேபிலிருந்து கொண்டுபோய் மூன்று மணி நேரம் நான்கு மகசின்களையும் உள்பக்கம் வழவழப்பாக்கினேன். எழுந்தபோது விரல்கள் மரத்துக்கிடந்தன. மோட்டார் அதிர்வு. உதறினால் சரியாகிவிடும்.

மார்ச் 14, செவ்வாய்

ரசப் பாத்திரம் கையிலிருந்து நழுவிவிட்டது. பிடி வழவழவென்று இருக்கிறது. வேறு வாங்க வேண்டும்.

மார்ச் 18, சனி

இன்று ஆறு முறை சிக்கியது. ஆறு! எந்த ஒழுங்கும் இல்லை. ஒன்றில் நான்காவது தோட்டா, இன்னொன்றில் இருபத்திரண்டாவது. எழுதி என்ன பயன்?

கடைசியில் செபஸ்தியன் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஆயுத அறைக்குப் பொறுப்பு அவர்தான். ராணுவத்தில் இருபத்திரண்டு வருடம் துப்பாக்கி பழுதுபார்த்தவர். பேச்சு குறைவு. பேசினால் யாருக்காவது கோபம் வரும்.

அவர் என் துப்பாக்கியில் 3-ஐப் போட்டு இருபத்தெட்டையும் படபடவென்று சுட்டார். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. 4-ஐப் போட்டார். அதுவும் அப்படித்தான்.

"மகசின்ல ஒன்னும் இல்ல திலகா. நல்லாத்தான் செஞ்சிருக்க."

"அப்ப ஏண்ணே எனக்கு மட்டும் சிக்குது?"

"துப்பாக்கி பின்னால உதைக்கிறப்ப கை கெட்டியா நிக்கணும். கை தொய்ஞ்சா மேல ஓடுற ஸ்லைடு முழுசா போய்ட்டு வராது. நீ எந்த மகசின போட்டாலும் சிக்கத்தான் செய்யும்."

"பதினோரு வருஷமா சுடுறேன். எனக்குப் பிடிக்கத் தெரியாதா?"

"தெரியும். இப்ப பிடிக்கலன்னுதான் சொல்றேன்."

சுற்றி நான்கு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அதன்பின் யாரிடமும் பேசாமல் காடியைக் கிளப்பி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு மகசின் சுட்டுவிட்டு எல்லாம் சரி என்றால் ஆகிவிட்டதா? எப்போதாவதுதானே சிக்குகிறது. அவர் சுட்டபோது சிக்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 26, ஞாயிறு

ரோஷிணி கேட்டாள் என்று 3-ஐ அவளுக்குக் கொடுத்தேன். அவளும் அதே ரகத் துப்பாக்கிதான் வைத்திருக்கிறாள். ஆரம்பப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, முப்பத்தொரு வயது. நான்கு வருடத்துக்கு முன் அவளை முதன்முதலாக ரேஞ்சுக்குக் கூட்டிவந்ததே நான்தான். மே 7-இல் அந்த ஒரே இடத்துக்கு எனக்கு எதிராக நிற்கப்போவதும் அவள்தான்.

மூன்று முறை முழுசாகச் சுட்டாள். சிக்கவே இல்லை.

"அக்கா, சூப்பர்லா! எனக்கும் இந்த மாதிரி இருபத்தெட்டு செஞ்சு குடுங்களேன். என்னோடது இருபத்தாறுதான் போகுது."

முடியாது என்று எப்படிச் சொல்வது? செய்து தருகிறேன் என்றேன். என் கையில் சிக்குகிற மகசின் இவள் கையில் ஓடுகிறது. இவள் துப்பாக்கி புதுசு. என்னுடையது பழசு. அதுதான் விஷயம்.

ஏப்ரல் 1, சனி

ரோஷிணியின் மூன்று மகசின்களை முடித்தேன். ஐந்து மணி நேரம். என்னுடையவற்றில் வேலை செய்ய நேரமில்லை.

ஏப்ரல் 4, செவ்வாய்

பல் மருத்துவர் ஒருவர் நான் செய்த பல் செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். கடிக்கும்போது ஒரு பக்கம் தூக்குகிறதாம். எங்கள் லேப் முதலாளி தவுக்கே செட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். ஒரே மாதத்தில் இது மூன்றாவது. அந்த டாக்டர்கள் அச்சு எடுக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?

ஏப்ரல் 8, சனி

டிரிகர் கனமாக இருக்கிறது. முன்பு இவ்வளவு கனம் இல்லை. சுண்ட வேண்டிய இடத்தில் இழுக்க வேண்டியிருக்கிறது. செபஸ்தியன் அண்ணனிடம் இளக்கித் தரச் சொன்னேன்.

கருவியில் தொங்கவிட்டு அளந்து பார்த்தார். "போன வருஷம் இருந்த அதே கனம்தான் இருக்கு."

"எனக்கு கனமா இருக்குண்ணே."

"இதுக்கு மேல இளக்குனா கைய ஒரசுனாலே வெடிக்கும். வேணாம்."

"என் துப்பாக்கி. நான் கேக்குறேன். விதிக்குள்ளதான இருக்கு?"

என்னை ஒரு நிமிடம் பார்த்தார். முகத்தை அல்ல, கையை. நான் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"எதுக்கு?"

துப்பாக்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அடுத்த வாரம் தருகிறேன் என்றார்.

ஏப்ரல் 12, புதன்

காலையில் ரவிக்கைக் கொக்கி போட இவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. குணசீலனுக்கு எதுவும் விளையாட்டுதான். "கல்யாணம் ஆன புதுசுல கழட்டச் சொல்லிக்கூட என்னைக் கூப்பிட்டதில்ல" என்றார். சிரித்துக்கொண்டே என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். "ஏன் இப்படிக் குளுந்து கெடக்கு?" அரிசி கழுவினேன் என்றேன்.

அரிசி கழுவவில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. இது மகசின் நோட்டு.

ஏப்ரல் 15, சனி

டிரிகர் இப்போது பிரமாதம். மென்மையாகப் போகிறது. ஆனால் சிக்கல் அப்படியேதான். 2 இரண்டு முறை, 4 ஒரு முறை.

கடைசி நாலைந்து தோட்டாக்களை மகசினுக்குள் அழுத்த என் கட்டைவிரலால் முடியவில்லை. புது ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு. ரோஷிணிதான் அழுத்திக் கொடுத்தாள். ஒரு கையால், பேசிக்கொண்டே, நிலக்கடலை உரிக்கிற மாதிரி அழுத்தினாள்.

ஏப்ரல் 25, செவ்வாய்

நோன்புப் பெருநாளுக்கு லேபை ஐந்து நாள் மூடிவிட்டார்கள். நான்கு நாள் வீட்டில் சும்மா இருந்தேன். திரைச்சீலை மாற்றினேன். மிச்ச நேரம் படுத்துக்கிடந்து டிவி பார்த்தேன். இன்று லீவு கடைசி நாள், கிளப்புக்குப் போனேன்.

நான்கு மகசின்கள். நூற்றுப்பன்னிரண்டு தோட்டாக்கள். ஒரு முறைகூடச் சிக்கவில்லை!

ஸ்பிரிங் பழகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். புது ஸ்பிரிங் பழக நாள் எடுக்கும் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். செபஸ்தியன் அண்ணன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே அவர் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

வரும் வழியில் மீகூன் நூடுல்ஸ் பொட்டலம் வாங்கினேன். இவருக்கு ஒன்று, எனக்கு இரண்டு.

மே 2, செவ்வாய்

லேபில் குவிந்து கிடக்கிறது. நாளுக்குப் பத்து மணி நேரம் ராவல். மாலையில் சுட்டுப் பார்த்தேன். 1 சிக்கியது. 3 சிக்கியது. 3 மறுபடியும் சிக்கியது.

மேசைமேல் ஓங்கி அடித்தேன். வலிக்கவே இல்லை.

மே 6, சனி

நாளை.

மே 7, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மொத்தம் எட்டு சுற்று. ஏழு சுற்று முடிந்தபோது நான் ரோஷிணியை விட நன்றாகவே முந்தியிருந்தேன். இரண்டு முறை சிக்கியும்கூட. எட்டாவதுதான் இருபத்தெட்டு குண்டுச் சுற்று. 4-ஐப் போட்டேன். மகசினை ரோஷிணிதான் நிரப்பிக் கொடுத்திருந்தாள்.

டைமர் அடித்தது, ஓடினேன். இடப்பக்கம் ஆறு அட்டை, சுவர் ஓட்டை வழியாக நான்கு, அப்புறம் இரும்புத் தட்டுகள். பதினேழாவதில் ஸ்லைடு பாதியில் நின்றது. நின்ற இடத்திலேயே துப்பாக்கியைக் கொஞ்சம் கீழே இறக்கி, இடக்கையால் ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டேன். அப்போது வெடித்தது.

எனக்கு இரண்டு முழம் தள்ளிச் சரளையில் குண்டு பாய்ந்தது. கல் தெறித்து, பின்னால் வலப்பக்கம் நின்ற நடுவர் ஹாஷிமின் காலில் அடித்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே சின்ன வெட்டு. ரத்தம் காலுறைக்குள் இறங்கியது. "ஸ்டாப்!" என்று அவர் கத்தியது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

துப்பாக்கியைக் காலி செய்து காட்டினேன்.

ஹாஷிம் நல்ல மனிதர். நொண்டிக்கொண்டே வந்து, "உங்கள் விரல் எங்கே இருந்தது?" என்று மலாயில் கேட்டார். என் உடம்பு மறைத்ததால் அவருக்குத் தெரியவில்லை.

"வெளியேதான் இருந்தது. துப்பாக்கி தானாக வெடித்தது" என்றேன்.

அதுதான் நடந்தது. விரல் வெளியே இருந்தது.

மே 8, திங்கள்

செயற்குழு எழுத்தில் கேட்டது, எழுதிக் கொடுத்தேன். கவனக்குறைவாகச் சுட்டுவிட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். துப்பாக்கிக் கோளாறு என்று உறுதியானால் அந்தச் சுற்றுக்கு மட்டும் பூஜ்யம், மற்றப் புள்ளிகள் நிற்கும். அந்தப் புள்ளிகளே எனக்குப் போதும்.

மூன்று வாக்கியம் எழுதினேன். மகசின் சிக்கியது. சரிசெய்யும்போது விரல் டிரிகருக்கு வெளியே இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் டிரிகர் இளக்கப்பட்டது.

மூன்றாவது வாக்கியம் உண்மைதானே. இளக்கப்பட்டதுதானே.

செயலாளர் படித்துவிட்டு, "இளக்கினது யார்?" என்று கேட்டார்.

மே 9, செவ்வாய்

விசாரணை முடியும்வரை செபஸ்தியன் அண்ணன் ஆயுத அறைக்குள் போகக் கூடாதாம். சாவியை வாங்கிக்கொண்டார்கள். ரோஷிணிதான் போனில் சொன்னாள்.

"அக்கா, சாவிக்கொத்துலேர்ந்து வீட்டுச் சாவிய மட்டும் கழட்டிக்கிட்டு குடுத்துட்டாரு."

அப்புறம், "அக்கா, உண்மையிலயே அது தானா வெடிச்சுச்சா?" என்றாள்.

"நீயும் என்னைச் சந்தேகப்படுறியா?" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

மே 11, வியாழன்

ஜன்னல்களைத் துடைத்தேன். மெத்தை உறைகளை மாற்றினேன். துணி மடிக்கும்போது இரண்டு முறை எதற்காக அலமாரியைத் திறந்தேன் என்று மறந்துபோனது.

மே 14, ஞாயிறு

யோசித்துப் பார்க்கிறேன். வலக்கையில் துப்பாக்கி. ஆள்காட்டி விரல் பக்கவாட்டில் நீட்டியபடி இருந்திருக்க வேண்டும். பதினோரு வருடமாக அங்கேதான் இருக்கும், தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கும் அங்கேதான் இருந்திருக்கும்.

இருந்திருக்கும் என்றுதான் எழுத முடிகிறது. இருந்தது என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.

மே 16, செவ்வாய்

செயலாளர் கூப்பிட்டார். வெளியிலிருந்து ஆள் வந்து துப்பாக்கியைச் சோதிக்கப்போகிறாராம். டிரிகர் அளவு விதியின் விளிம்பில் இருப்பதால் முடிவு அநேகமாக என் பக்கம்தான் வரும் என்றார். "பாஸ்போர்ட் இருக்குல்ல, திலகேஸ்வரி?" என்று சிரித்தார்.

இருக்கிறது என்றேன்.

சந்தோஷமாக இருக்க வேண்டும். இவரிடம்கூடச் சொல்லவில்லை.

மே 19, வெள்ளி

லேபில் மெழுகு வேலை. கத்தியை நெருப்பில் காட்டி மெழுகை இழைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ கருகுகிற வாடை. அடுப்பில் யார் என்ன வைத்தார்கள் என்று தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தேன். எதிர் மேசையில் இருந்த மெய் லிங் கத்தினாள். ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டாள்.

என் விரல்தான். ஆள்காட்டி விரலின் பக்கம் நெருப்பில் இருந்திருக்கிறது. தோல் வெளுத்துப் பொங்கியிருந்தது.

எனக்குத் தெரியவில்லை. மூக்குக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

தண்ணீருக்கடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தவுக்கே வந்து மருந்து போட்டுவிட்டார், வீட்டுக்குப் போகச் சொன்னார். காடியில் உட்கார்ந்து சாவியைப் போட்டேன், திருப்பவில்லை. நெருப்பில் இருந்த விரலே தெரியாதவளுக்கு டிரிகரில் இருந்த விரல் தெரிந்திருக்குமா?

அங்கேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரவிக்கைக் கொக்கியிலிருந்து தொடங்கி எல்லாம். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் திலகா. நீ ஒன்னு ஒன்னா கீழ போட்டுக்கிட்டிருந்த. நான் கேட்டா வாய மூடிக்குவ. சரி, நீயா சொல்லுவன்னு இருந்தேன்." பிறகு, "கேட்டிருக்கணும். எம்மேலயும் தப்புதான்" என்றார்.

மே 22, திங்கள்

மருத்துவமனை. இரண்டு கையிலும் மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். ராவும் மோட்டாரைப் பல வருடம் பிடித்ததால் வந்திருக்கலாம் என்றார் டாக்டர். இளம்பெண், சீக்கிரம் சீக்கிரமாகப் பேசுகிறார்.

"எப்பருந்து மரத்துப்போகுது?"

"பிப்ரவரி... இல்ல. போன தீபாவளிலேர்ந்து."

இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேகூட.

"ஏன் அப்பவே வரல? எடக்கைய மருந்துலயே பாத்துக்கலாம். வலக்கைக்கு ஆபரேஷன் பண்ணணும். அப்பகூட முழுசா உணர்ச்சி வருமான்னு இப்ப சொல்ல முடியாது. கட்டைவிரல் சதையே வத்தியிருக்கு பாருங்க."

பார்த்தேன். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் தெரியும். மாதக்கணக்காக ஸ்பிரிங்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சரிபண்ண மோட்டாரைப் பிடித்த ஒவ்வொரு மணி நேரமும் இதைக் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மே 25, வியாழன்

செயற்குழுவைக் கூட்டச் சொல்லி நானே கேட்டேன். செபஸ்தியன் அண்ணனையும் வரச் சொன்னேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், கோயிலுக்கு வருகிற மாதிரி. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஹாஷிமும் இருந்தார். ரோஷிணி வெளியே நின்றாள்.

எழுதி எடுத்துப் போயிருந்தேன். படிக்கத் தொடங்கினேன், வரவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னேன்.

"விரல் வெளிய இருந்துச்சுன்னு நான் எழுதுனது பொய். எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. எனக்கு விரல்ல உணர்ச்சி இல்ல. டிரிகர்ல இருந்திருக்கணும். அண்ணன் இளக்க வேணாம்னு சொன்னாரு. நான்தான் வம்பு பண்ணி இளக்கச் சொன்னேன். டாக்டர்கிட்ட காட்டச் சொன்னாரு. அதையும் கேக்கல."

டாக்டரின் கடிதத்தைக் கொடுத்தேன். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஹாஷிம் மட்டும் தலையை ஆட்டி, "நல்லவேளை, கல் மட்டும்தான் பட்டது" என்றார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லவில்லை அவர். அது சரிதான்.

செபஸ்தியன் அண்ணன் எழுந்து நின்றார்.

"பதினாறு நாளு. ஏன் அன்னிக்கே சொல்லல?"

"அன்னிக்குத் தெரியலண்ணே."

"தெரியலன்னு எழுதியிருக்கலாம்ல? வெளிய இருந்துச்சுன்னுதான எழுதுன. இளக்கப்பட்டதுன்னு எழுதுன. தெரியாதவ எழுதுற எழுத்தா அது?"

அவர் காத்திருந்தார், நிஜமாகவே காத்திருந்தார். அப்புறம் வெளியே போய்விட்டார்.

முடிவு: போட்டியிலிருந்து நீக்கம். ஒரு வருடம் சுடத் தடை. அதற்குப் பிறகும் மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் துப்பாக்கியைத் தொடக் கூடாது. இடம் ரோஷிணிக்கு. அண்ணனுக்கு நாளையே சாவி.

வெளியே ரோஷிணி அழுதுகொண்டிருந்தாள். "இப்படி எனக்கு வேணாங்க்கா" என்றாள்.

"இது நான் குடுக்கல. நீ ரெண்டாவது வந்த, மொதல்ல வந்தவ நிக்கக் கூடாதவ. பேசாம போய்ப் பயிற்சி பண்ணு" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது. என் எரிச்சலை யார்மேலாவது காட்ட வேண்டியிருந்தது.

ஜூன் 6, செவ்வாய்

இன்று ஆபரேஷன். பசியாறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இவர் எனக்காகத் தானும் கோப்பி குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 9

இடக்கை. கோணல். வலி.

ஜூன் 24, சனி

தையல் பிரித்துவிட்டார்கள். பேனா பிடிக்க முடிகிறது, கொஞ்சம். கட்டைவிரலில் ஊசி குத்துகிற மாதிரி ஏதோ வருகிறது. நல்ல அறிகுறியாம். ஆள்காட்டி விரலில் இன்னும் ஒன்றுமில்லை. ஆறு மாதம் பார்க்கலாம், அதற்கு மேல் கணக்கு வைக்காதீர்கள் என்றார் டாக்டர். தவுக்கே என்னை ராவல் வேலையிலிருந்து எடுத்துவிட்டு, பல் நிறம் பார்க்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார். அங்கே எனக்கு எல்லாமே மெதுவாக இருக்கிறது. இரண்டு நாளிலேயே இரண்டு பேரிடம் எரிந்து விழுந்துவிட்டேன்.

துப்பாக்கியை ஒரு வருடத்துக்குக் கிளப்பிலேயே முத்திரை வைத்துப் பூட்டக் கையெழுத்துப் போட வேண்டும் என்று கடிதம் வந்தது. அதற்காக இன்று போனேன்.

ஆயுத அறையில் செபஸ்தியன் அண்ணன் தனியாக இருந்தார். ஏதோ ஒரு உறுப்பினரின் துப்பாக்கியைக் கழற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையெழுத்துப் போட வேண்டிய பாரத் தாளை எடுத்து வைத்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் நின்றபடி கையெழுத்துப் போட்டேன். ரொம்ப நேரம் பிடித்தது. அவர் அவசரப்படுத்தவுமில்லை, உதவிக்கு வரவுமில்லை.

"தேதி" என்றார்.

தேதி போட்டேன்.

"அண்ணே, என்னை மன்னிக்கணும்னு கேக்க வரல. ஆனா..."

"ஒன் துப்பாக்கிய ஆளு வந்து சோதிச்சான்" என்றார் என் பேச்சை வெட்டி. "ஐநூறு குண்டு சுட்டுப் பாத்தான். டிரிகர் தானா விழுதான்னு தட்டிப் பாத்தான், கீழ போட்டுப் பாத்தான். ஒன்னும் இல்ல. எழுத்துல குடுத்துட்டுப் போய்ட்டான்."

"தெரியும்ணே. உங்க வேலைல தப்பு இருக்காது."

"எனக்குத் தெரியலியே." முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பதினாறு நாளும் வீட்ல ஒக்காந்து அத ஒவ்வொரு திருகா மனசுக்குள்ள கழட்டிக் கழட்டிப் பாத்தேன். நீ பொய் சொல்லுவன்னு நெனைக்கல. அதனால நான்தான் எங்கயோ கோட்ட விட்டுட்டேன்னு நெனச்சேன். முப்பத்தஞ்சு வருஷத்துல அப்படி நெனச்சதே இல்ல."

பேனாவை மேசையில் வைத்தேன்.

"சரி, போ. கைய பாத்துக்க" என்றார்.

வெளியே வந்து காடியில் உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு அவர் அறையைப் பூட்டுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பூட்டினார், இழுத்துப் பார்த்தார். மோட்டார் சைக்கிள் வரைக்கும் போனவர் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தார். தலைக்கவசத்தை மாட்டினார், ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பினார். பிறகு அணைத்துவிட்டு இறங்கினார். தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே அந்தக் கதவை நோக்கி நடந்தார்.